டிராஃப்ட்கிங்ஸா, ஃபேன்டூயலா?

அமெரிக்காவில் தினசரி ஃபேன்டசி விளையாட்டு (நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டி, அவர்கள் ஆடுவதைப் பொறுத்துப் புள்ளி சேர்க்கும் போட்டி) என்றதும் நினைவுக்கு வரும் நிறுவனங்கள் இந்த இரண்டும்தான். ஃபேன்டூயல் 2009-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் முளைத்தது, டிராஃப்ட்கிங்ஸ் 2012-இல் பாஸ்டனில். ஆட்டம் ஏறக்குறைய ஒன்றுதான், என்எஃப்எல்லில் (அமெரிக்கக் கால்பந்து லீக்) வீரர் பந்தைப் பிடித்தால் டிராஃப்ட்கிங்ஸ் ஒரு புள்ளி தரும், ஃபேன்டூயல் அரைப் புள்ளி (கஞ்சம்!). 2015-இல் விளம்பரத்துக்கு மாறி மாறிக் காசைக் கொட்டினார்கள், அப்புறம் 2016-இல் இணையப் பார்த்தார்கள், மறு வருடமே அரசு தடுத்துவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத் தடைச் சட்டத்தை ரத்து செய்ததும் இரண்டும் பணம் கட்டும் பந்தயத் தொழிலில் இறங்கின, அங்கேதான் பாதை பிரிந்தது. ஃபேன்டூயலை ஐரோப்பாவின் பந்தய நிறுவனமான பேடி பவர் பெட்ஃபேர் வாங்கியது, பந்தயத்துக்கு விலை போடும் வித்தை புகுந்த வீட்டிலேயே கிடைத்தது. டிராஃப்ட்கிங்ஸோ 2020-இல் பந்தயத் தொழில்நுட்ப நிறுவனமான எஸ்பிடெக்கைச் சேர்த்துக்கொண்டு பங்குச்சந்தைக்குப் போனது. என்னைக் கேட்டால் ஃபேன்டூயல் போன வழிதான் சுலபம், டிராஃப்ட்கிங்ஸ் கதைதான் சுவாரசியம்.