விதி தளர்ந்ததை மட்டும் சொல்லாத டிராவல்ஸ் கடை

மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போய்வரும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். பேருந்து நிலையத்தை ஒட்டியுள்ள ஒரு டிராவல்ஸ் கடையில் கொரோனா காலத்தில் நாங்கள் பட்ட பாடு இது. ஆறிப்போன கதையை இப்போது ஏன் கிளறுகிறாய் என்று வீட்டிலேயே கேட்டார்கள். காரணம் இருக்கிறது. கிள்ளானில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும் எங்கள் தெரு அம்மாள் ஒருவர் சென்ற வாரம் அதே கடையின் ரசீதைக் கொண்டுவந்து காட்டினார். டிக்கெட்டுக்குக் கீழே "மலேசியா அரைவல் கார்டு - ரூ.1,500" என்று ஒரு வரி. அங்கே போய் இறங்குகிறவர்கள் முன்கூட்டியே தங்கள் விவரத்தை நிரப்பும் அந்தப் படிவத்துக்கு மலேசிய அரசு ஒரு காசும் வாங்குவதில்லை.

கடையின் பெயரைப் போடவில்லை. போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பெயர் இல்லாமலே அடையாளம் தெரிந்துகொள்பவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருப்பார்கள்.

என் தம்பி ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். 2022 பொங்கலுக்கு இரண்டு வார விடுப்பில் வந்தான். போக, வர டிக்கெட், பரிசோதனை, படிவங்கள் எல்லாவற்றையும் அங்கிருந்தே வாட்ஸ்அப்பில் இந்தக் கடைக்காரரிடம் பேசி முடித்துவிட்டான். பேச்சு அவ்வளவு இனிப்பாக இருக்கும். "நீங்கள் ஃபிளைட் ஏறினால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். அந்த "மற்றது" என்ன என்பது பிறகு ரசீதைப் பார்த்தபோது தெரிந்தது. நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். ரசீது என்றால் ஒவ்வொரு வரியாகத்தான் படிப்பேன். ஏர் சுவிதா பதிவு 1,000 ரூபாய். வெளிநாட்டிலிருந்து இந்தியா வருகிற பயணியே அப்போது மத்திய அரசின் இணையதளத்தில் இலவசமாக நிரப்பிய படிவம் அது. கோவின் தடுப்பூசிச் சான்றிதழில் பாஸ்போர்ட் எண் சேர்க்க 300 ரூபாய். அதுவும் இலவசம், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. இருந்தால் முடிந்துவிடும் வேலை. ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை, வீட்டுக்கு வந்து எடுப்பது உட்பட 2,800 ரூபாய். தனியார் பரிசோதனைக் கூடங்கள் 900 ரூபாய்தான் வாங்க வேண்டும், வீட்டுக்கு வந்தால் கூடுதலாக 300 என்று தமிழக அரசு 2021 மே மாதமே விலை நிர்ணயித்திருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே "சர்வீஸ் சார்ஜ்" என்று தனியாக ஒரு தொகை. அப்படியானால் மேலே வாங்கியதெல்லாம் எந்தக் கணக்கு?

அந்த நாட்களில் விதிகள் நிஜமாகவே தலைகால் புரியாமல்தான் மாறிக்கொண்டிருந்தன. ஒமைக்ரான் பயத்தில் 2021 டிசம்பர் 1 முதல் 'ஆபத்து அதிகமுள்ள நாடுகள்' என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் சிங்கப்பூர் இருந்தது. பத்து நாளில் எடுத்துவிட்டார்கள். ஐக்கிய அரபு அமீரகம் அதில் இல்லை. அங்கிருந்து வருபவர்களில் நூற்றுக்கு இரண்டு பேரை மட்டும் விமான நிலையத்தில் பரிசோதித்து அனுப்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் தம்பி டிக்கெட் போட்டான். ஜனவரி 7-ஆம் தேதி அறிவிப்பு வந்தது: 11-ஆம் தேதி முதல் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஏழு நாள் வீட்டுத் தனிமை, எட்டாம் நாள் பரிசோதனை. அவன் திருச்சியில் இறங்கியதே 11-ஆம் தேதி காலையில்தான்.

அன்று மாலையே கடைக்காரரிடமிருந்து போன். "அண்ணே, பொங்கலும் அதுவுமாகத் தம்பியை அறையில் பூட்டி வைப்பீர்களா? மூவாயிரம் கொடுங்கள். சுகாதாரத் துறையிலிருந்து விலக்குச் சான்று வாங்கித் தருகிறேன்." அப்படி ஒரு சான்று உண்டா என்று எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டேன். சுகாதார ஆய்வாளர் சிரித்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். தம்பி கொல்லைப்புற அறையில் இருந்தான். பொங்கலன்று வாசலில் பானை பொங்கும்போது அவன் ஜன்னல் வழியாகத்தான் குலவை கேட்டான். எட்டாம் நாள் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் எடுத்து, முடிவும் தந்தார்கள். அதற்கும் ஒரு 'எட்டாம் நாள் பேக்கேஜ்' கடையில் தயாராக இருந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

திரும்பிப் போகிற பயணத்தில்தான் மாட்டினோம். அமீரகம் அப்போது இரண்டு பரிசோதனைகள் கேட்டது. புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்குள் சளி மாதிரி எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். முடிவு ஒன்று. அந்த அறிக்கையில் க்யூஆர் கோடு இருக்க வேண்டும். ஸ்கேன் செய்தால் பரிசோதனைக் கூடத்தின் மூல அறிக்கை திறக்க வேண்டும். இரண்டாவது, விமானம் கிளம்புவதற்கு முந்தைய ஆறு மணி நேரத்துக்குள் விமான நிலையத்திலேயே எடுக்கும் ராபிட் பி.சி.ஆர். விமானம் 24-ஆம் தேதி திங்கட்கிழமை அதிகாலை நாலரை மணிக்கு. மாதிரி எடுக்கக் கடைக்காரர் அனுப்பிய பையன் வந்தது வெள்ளிக்கிழமை மாலை. இப்போதே எடுத்தால் 48 மணி தாண்டிவிடுமே என்று தம்பி கேட்டான். இது முதல் மாதிரிதான், சனிக்கிழமை காலை வந்து இன்னொன்று எடுப்பேன் என்று பையன் சொல்லிவிட்டுப் போனான். சனிக்கிழமை யாரும் வரவில்லை. போன் செய்தால், லேப்பில் பேசிவிட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறது, ரிப்போர்ட் கையில் வந்துவிடும் என்றார் கடைக்காரர்.

ஞாயிறன்று முழு ஊரடங்கு. கடை, கண்ணி எதுவும் இல்லை. தஞ்சாவூரில் வேறு ஒரு லேபைத் தேடிப் போகவும் வழியில்லை. இது அவருக்குத் தெரியும். அறிக்கை, ஒட்டிய உறைக்குள், நாங்கள் காரில் ஏறுகிற நேரத்தில்தான் வந்து சேர்ந்தது. உடன் ஒரு 'ஏர்போர்ட் பாஸ்', 500 ரூபாய். ஊரடங்கில் விமான நிலையம் போகிறவர்கள் டிக்கெட்டைக் காட்டினால் போதும் என்று அரசே அறிவித்திருந்தது. தஞ்சாவூர் புறவழிச்சாலையில் காவலர்கள் டிக்கெட்டைத்தான் பார்த்தார்கள். அந்தப் பாஸை நீட்டியபோது, "இதென்ன?" என்று கேட்டுத் திருப்பித் தந்தார்கள்.

திருச்சியில் தம்பி உள்ளே போனான். ராபிட் பரிசோதனைக்குப் பணம் கட்டினான், நெகட்டிவ் வந்தது. போன் செய்து சொன்னான். நானும் டிரைவரும் டீ குடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பத் தயாரானோம். சற்று நேரத்தில் பையோடு வெளியே வந்து நிற்கிறான். முகத்தில் ரத்தமே இல்லை. கவுன்ட்டரில் க்யூஆர் கோடு திறக்கவில்லை, ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

கார் விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தாளை விரித்து, என் கைப்பேசியால் நானே ஸ்கேன் செய்தேன். பரிசோதனைக் கூடத்தின் பக்கம் வரவில்லை. யாரோ ஒரு தனி ஆள் தன் மின்னஞ்சல் கணக்கில் சேமித்து வைத்த கோப்பு. அதைத் திறக்க உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள் என்று திரையில் வந்தது. நள்ளிரவில் எந்த உரிமையாளரிடம் கேட்பது? தாளை மேலிருந்து கீழே படித்தேன். மாதிரி எடுத்த நேரம்: 22-ஆம் தேதி சனிக்கிழமை, காலை 8.00. அந்த நேரத்தில் தம்பி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வராத பையனுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். ஆக, கோடு திறந்திருந்தாலும் அந்த அறிக்கை பொய்தான். சில மணி நேரத்துக்கு முன் எடுத்த பரிசோதனையில் நோய் இல்லை என்று தெரிந்த ஆள், இரண்டு நாளைக்கு முந்தைய ஒரு போலித் தாளால் விமானம் ஏற முடியாமல் போனான்.

கடைக்காரர் வெகுநேரம் கழித்துத்தான் போனை எடுத்தார். தூக்கக் கலக்கமே இல்லாத குரல். "அண்ணே, நேற்று ராத்திரிதான் ரூல் மாறியது. எங்களுக்கே இப்போதுதான் தெரியும்."

இந்த வாக்கியத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மூலதனம் அதுதான். ராத்திரி விதி மாறிய காலம் என்பதால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். ஆனால் க்யூஆர் கோடு விதி அன்று ராத்திரி வந்ததல்ல. 2021 ஆகஸ்டில் அமீரகம் இந்தியாவிலிருந்து ஆட்களை மறுபடி அனுமதித்தபோதே இருந்தது. டிக்கெட்டோடு விமான நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலிலும் அது இருந்தது. அந்த மின்னஞ்சல் போனதோ கடைக்காரரின் முகவரிக்கு. டிக்கெட் எடுக்கும்போது தம்பியின் முகவரிக்குப் பதிலாகத் தன் முகவரியைக் கொடுத்திருக்கிறார். எல்லாத் தகவலும் தன் வழியாகத்தான் போக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

டிக்கெட் பணம் போனது. தஞ்சாவூரில் அரசு அனுமதி பெற்ற ஒரு லேபில் நேரில் போய் 900 ரூபாய்க்குப் பரிசோதனை எடுத்தோம். கோடு ஒழுங்காகத் திறந்தது. தஞ்சாவூரிலேயே வேறு ஏஜென்ட் மூலம் இருபத்தேழாயிரத்துக்கு ஒரு வழி டிக்கெட். விடுப்பு தாண்டியதற்கு அங்கே சம்பளம் பிடித்தார்கள். எல்லா ஏஜென்ட்களும் இப்படி என்று சொல்லவில்லை. அந்தத் தஞ்சாவூர்க்காரர், "பாஸெல்லாம் எதற்கு? டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்" என்று சொல்லி அனுப்பினார். அதற்குக் காசும் கேட்கவில்லை.

இதற்குப் பிறகு நான் அந்தக் கடையைக் கவனிக்க ஆரம்பித்தேன். விதி இறுகினால் டி.வி., பேப்பர், டீக்கடை எல்லா இடத்திலும் பேச்சாக இருக்கிறது. தளர்ந்தால் உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தியோடு சரி. அந்த இடைவெளிதான் அவருடைய வருமானம். இந்தியா 2022 பிப்ரவரி 14 முதல் ஏழு நாள் வீட்டுத் தனிமையை எடுத்துவிட்டது. பதினான்கு நாள் நம்மை நாமே கவனித்துக்கொண்டால் போதும் என்றது. அதே மாதக் கடைசியில் கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் 3,000 ரூபாய் கொடுத்துத் தனிமை விலக்குச் சான்று வாங்கியிருக்கிறார். தனிமையே இல்லாதபோது விலக்கு எதிலிருந்து? முழுத் தடுப்பூசி போட்டவர்களுக்கு முன்பரிசோதனை வேண்டாம் என்று அமீரகம் பிப்ரவரி 26 முதல் சொல்லிவிட்டது. மார்ச்சிலும் பையன் குச்சியோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தான்.

ஏர் சுவிதா 2022 நவம்பர் 22-இல் நிறுத்தப்பட்டது. 2023 ஜனவரி 1 முதல் சீனா, ஹாங்காங், ஜப்பான், தென் கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய இடங்களிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் மறுபடி கொண்டுவந்து, பிப்ரவரியில் அதையும் விட்டார்கள். இந்தக் கடையில் அந்த ஜனவரியில் குவைத், மஸ்கட் என்று எங்கிருந்து வந்தவரிடமும் அதே ஆயிரம் ரூபாய். கேட்டால் அதே பதில்: ராத்திரி மாறியது.

கொரோனா விதிகள் எல்லாம் போய்விட்டன. அந்த இடத்தில் இப்போது அரைவல் கார்டுகள் வந்திருக்கின்றன. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் அந்தந்த அரசின் இணையதளத்தில், போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இலவசமாக நிரப்பலாம். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் கையில் இருந்தால் பத்தாவது படிக்கும் பிள்ளையே செய்துவிடும். முடியாதவர்களுக்கு நிரப்பித் தந்து ஐம்பது, நூறு வாங்கினால் உழைப்புக்கூலி என்று விட்டுவிடலாம். அரசுக் கட்டணம் என்று சொல்லி 1,500 வாங்குவது வேறு. டிக்கெட் எடுக்கும்போது உங்கள் சொந்த மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும்தான் பதிவாகியிருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். இல்லையென்றால் விமான நேரம் மாறினாலும் உங்களுக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும்.

எங்கள் பணத்துக்காக நான் சும்மா இருக்கவில்லை. நேரில் போய்க் கேட்டபோது, லேப் செய்த தவறு என்றார் கடைக்காரர். அந்த லேபில் கேட்டால் அப்படி ஒரு பெயரில் மாதிரியே வரவில்லை என்றார்கள். அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். வக்கீல் நோட்டீஸ் போனதும் ஒரு பெரிய மனிதரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். டிக்கெட் பணத்தில் பாதியைக் கொடுத்தார். மீதியை அறுவடை முடிந்ததும் தருகிறேன் என்றார். டிராவல்ஸ் கடைக்கு என்ன அறுவடையோ! அது இன்னும் வரவில்லை.

ஏமாந்தவர்கள் ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு மீதிக்குத் தவணை கேட்க விட்டால் அந்த இரண்டு வருடம் ஓடிவிடும் என்பதை அவரும் கணக்கில் வைத்திருப்பார். நாங்கள் அனுப்பிய நோட்டீஸின் நகல் என்னிடம் இருக்கிறது, தமிழிலேயே எழுதியது. வேண்டுவோருக்குத் தருகிறேன், பெயர், தேதி, தொகையை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.