டன்னர் கொட்டகைக்கு எந்தச் சங்கத்தின் வழிகாட்டி?

எங்கள் குடிநீர் நிலையத்தில் டன்னர்களுக்கான, அதாவது 900 கிலோ திரவக் குளோரின் கொள்ளும் பெரிய இரும்பு உருளைகளுக்கான, அவசரகால நடைமுறையைத் திருத்தி எழுதும் வேலை என்னிடம் வந்தது. எதை அடிப்படையாக வைப்பது? அமெரிக்காவின் குளோரின் இன்ஸ்டிட்யூட், பிரஸ்ஸல்ஸில் இருக்கும் யூரோ குளோர், டெல்லியில் இருக்கும் நம் ஆல்கலி உற்பத்தியாளர் சங்கம் (ஏ.எம்.ஏ.ஐ.) மூன்றையும் பார்த்தேன். கடைசியில் எடுத்துக்கொண்டது குளோரின் இன்ஸ்டிட்யூட்டை.

மூன்றுமே உற்பத்தியாளர்களின் குரல்தான், அதில் பேச ஒன்றுமில்லை. நம் நாட்டில் ஆலைகளை ஓட்டுவது காஸ்டிக் சோடாவின் தேவை. உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சி 1.1 டன் காஸ்டிக் எடுத்தால் கூடவே 1 டன் குளோரின் வந்துவிடும், அதை எங்காவது தள்ளியாக வேண்டும். அதனால் ஏ.எம்.ஏ.ஐ.யின் பேச்சில் மின்கட்டணமும் இறக்குமதி வரியும் பெரிய இடம் பிடிப்பது இயல்பு. அவர்களுடைய பாதுகாப்புப் பயிற்சிக்கு நான் போனதில்லை, எனவே அதன் தரத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. யூரோ குளோரின் ஆவணங்கள் ஆழமானவை, ஆனால் பெரும்பாலும் ஆலைக்காரர்களுக்கானவை. ஐரோப்பாவில் 2017 டிசம்பரோடு பாதரசத்தை மின்முனையாக வைக்கும் பழைய பாதரச செல்லில் குளோரின் எடுப்பது நின்றதே, அந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள அங்கேதான் போக வேண்டும்.

என்னை முடிவெடுக்க வைத்தது கிட். 1924-இல் தொடங்கிய குளோரின் இன்ஸ்டிட்யூட் கசிவை அடைக்க மூன்று கிட் வகுத்திருக்கிறது: சிறு சிலிண்டருக்கு ஏ, டன்னருக்கு பி, டேங்கர் லாரிக்கும் ரயில் டேங்கருக்கும் சி. வால்வில் கசிந்தால் மேலே கவிழ்த்து இறுக்கும் மூடி, உடம்பில் ஓட்டை விழுந்தால் வைத்துக் கட்டும் பட்டை என்று பி கிட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. இங்கே டன்னருக்கு விற்கும் கிட்டுகளும் பெரும்பாலும் அந்த மாதிரியில் செய்தவைதான். அப்படியென்றால் கையிலிருக்கும் கருவியும் படிக்கும் வழிகாட்டியும் ஒன்றாக இருக்க வேண்டாமா? இரவு ஷிஃப்டில் முகக்கவசம் மாட்டிக்கொண்டு நிற்கும் ஆள், படத்தில் வேறொரு சாமானைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்க முடியாது. திரவமாகக் கசிந்தால் அது சுமார் 450 மடங்கு வாயுவாக விரியும். அதனால்தான் கிட்டைத் தொடுவதற்கு முன்பே, முடிந்தால் டன்னரை உருட்டி ஓட்டையை மேலே கொண்டுவரச் சொல்கிறார்கள், வாயு மட்டும் வரட்டும் என்று. கசிவின் மேல் தண்ணீர் அடிக்கவே கூடாது, அரிப்பு கூடி ஓட்டை பெரிதாகிவிடும்.

ஒரு குறை உண்டு. அவர்கள் கணக்கு அமெரிக்க டன்னருக்கானது. அதில் இரண்டு முனையிலும் மூன்று மூன்றாக, சூடேறினால் 70 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகி அழுத்தத்தை வெளிவிடும் பாதுகாப்பு பிளக்குகள் இருக்கும். உங்களுக்கு வரும் டன்னரில் பிளக் இருக்கிறதா, எத்தனை, எங்கே என்று எண்ணிப் பாருங்கள். அப்புறம் கிட் வந்த அன்றே ஒரு காலி டன்னரில் மூடியை மாட்டி இறுக்கிப் பார்த்துவிடுங்கள். நாங்கள் சப்ளையர் அனுப்பும் ஒவ்வொரு வகை டன்னரிலும் அப்படிப் பார்த்துத்தான் நடைமுறையில் கையெழுத்துப் போட்டோம்.