கதவடைத்த கோர்ட்: இங்கிலாந்தின் ‘சிங்கிள் ஜஸ்டிஸ்’ முறை எப்படி?

வேக வரம்பு மீறல், டிவி பார்க்க வாங்க வேண்டிய லைசென்ஸ் இல்லாமை, இன்சூரன்ஸ் இல்லாமல் கார் ஓட்டுவது போன்ற, சிறைத் தண்டனைக்கு இடமில்லாத வழக்குகளை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு மாஜிஸ்திரேட் காகிதத்தைப் பார்த்தே முடித்துவிடலாம். பக்கத்தில் ஒரு சட்ட ஆலோசகர், அவ்வளவுதான். 2015இல் வந்த ஏற்பாடு. குற்றத்தை ஒப்புக்கொள்பவருக்கு அலைச்சல் மிச்சம். தபாலைப் பிரிக்காதவருக்குப் பெரும் ஆபத்து.

தபாலில் வரும் வழக்கு நோட்டீஸுக்கு 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஒப்புக்கொள்ளலாம், ஒப்புக்கொண்டு நேரில் பேசக் கேட்கலாம், மறுக்கலாம். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று டிக் அடித்துவிட்டு, கீழே “அன்று வண்டி ஓட்டியது நானில்லை” என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது சலுகைக்கான காரணமல்ல, எதிர்வாதம். மறுப்பதுதான் சரி.

வருமானப் படிவத்தை வெறுமையாக விடாதீர்கள். மணிக்கு 30 மைல் வரம்புள்ள சாலையில் 38இல் போனவருக்கு, வரி போகக் கையில் வரும் வாரச் சம்பளத்தில் பாதி அபராதம் என்பது தொடக்கக் கணக்கு. 300 பவுண்டு வாங்குபவருக்கு 150. உடனே ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு கழிந்து 100. அதன்மேல் அபராதத்தில் 40 சதவீதம் சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம், வழக்குச் செலவு. பதிலே போடாதவருக்கு வருமானம் 440 பவுண்டு என்று வைத்துக்கொள்வது வழக்கம்: அபராதம் 220, சர்சார்ஜ் 88, தள்ளுபடி கிடையாது. லைசென்ஸில் ஏறும் 3 தண்டனைப் பாயிண்ட் இருவருக்கும் ஒன்றுதான்.

வீடு மாறியவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போகும், தீர்ப்பும் ஆகிவிடும். தெரிந்த நாளிலிருந்து 21 நாளுக்குள், வழக்கு இருந்ததே தெரியாது என்று சத்தியப் பிரமாணம் கொடுத்தால் அந்தத் தீர்ப்பு ரத்தாகி வழக்கு முதலிலிருந்து தொடங்கும்.

மூடிய அறையில் நடப்பதால் பிழையும் வெளியே தெரிவதில்லை. இந்த முறையில் தொடரவே கூடாத ரயில் கட்டண வழக்குகளை ரயில் நிறுவனங்கள் வருடக்கணக்கில் இப்படியே நடத்தின. 2024இல் சுமார் 74,000 வழக்குகள் செல்லாதவை ஆயின. நீங்கள் எழுதும் விளக்கக் கடிதம், வழக்குப் போட்ட அமைப்பின் கண்ணில் படாமலே தீர்ப்பு வருவதும் உண்டு. கடன், நோய் என்று சொல்ல ஏதாவது இருந்தால் அந்த அமைப்புக்கும் தனியாக எழுதுங்கள். வழக்கைத் திரும்பப் பெறும் உரிமை அவர்களுக்குத்தான்.

மறுத்தவர்களும், 12 பாயிண்ட் எட்டி லைசென்ஸை இழக்கும் நிலையில் இருப்பவர்களும் நேரில் போக வேண்டியிருக்கும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் பதிலிலேயே ‘தமிழ்’ என்று எழுதிவிடுங்கள், கட்டணமில்லை. அன்றைக்கு வந்து கேட்டால் வழக்கு பெரும்பாலும் தள்ளிப்போகும்.