ஒரே கேபிள்காரர் உள்ள ஊரில் ஃபைபர் இணைப்பு: வாங்கலாமா?

கோவையில் ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் மூன்று கம்பெனி பெட்டி தொங்கும். அங்கிருந்து சற்றுத் தள்ளிய பேரூராட்சியில் டிவி கேபிள் கொடுத்த ஆபரேட்டர்தான் இன்டர்நெட்டுக்கும் ஒரே ஆள். பெரிய கம்பெனிகள் வீடு நெருக்கமாக உள்ள தெருவுக்குத்தான் வயர் இழுக்கும். ஆக, இங்கே பிளானை ஒப்பிட்டுப் பயனில்லை. லைனைத்தான் சோதிக்க வேண்டும்.

முதலில் வெளிச்சம், ஃபைபர் வயரில் டேட்டாவைச் சுமந்து வருவது அதுதான். வீட்டில் ஃபைபர் வந்து சேரும் ஓஎன்யு பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) பிரவுசரில் போனால் 'ஆர்எக்ஸ் பவர்' (வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு) என்று ஒரு எண் தெரியும். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டிபிஎம் (அந்த அளவின் அலகு) வரை நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் சிவப்பு 'லாஸ்' (சிக்னல் இல்லை) விளக்கு எப்போது வேண்டுமானாலும் எரியும்.

அது ஏன் குறைகிறது? ஆபரேட்டர் ஆபீஸில் வெளிச்சத்தை அனுப்பும் ஓஎல்டி பெட்டியிலிருந்து சுமார் பிளஸ் 3-இல் வெளிச்சம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வயரை எட்டாகப் பிரிக்கும் 1:8 ஸ்ப்ளிட்டர் ஒன்று ஏறக்குறைய 10.5 டிபி தின்னும். அடுத்தடுத்து இரண்டு வைத்தால் 21. கேபிள், கனெக்டர் இழப்பும் சேர்ந்து வீட்டுக்கு வரும்போது மைனஸ் 20, 21. இதுவரை சரி. பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகக் கேட்டதும் உங்கள் வயரிலேயே ஒரு 1:2 ஸ்ப்ளிட்டரைச் சொருகினால் இன்னொரு 3.5 போகும். அதற்கு மேல் கம்பத்தில் டேப் சுற்றிய ஜாயின்ட், அதற்குள் மழைத்தண்ணீர்: கதை முடிந்தது. காற்றடித்தால் நெட் போகிறது என்பவர்கள் முதலில் இந்த எண்ணைப் பார்க்கட்டும். பச்சைக் கனெக்டரை நீல அடாப்டரில் மாட்டியிருந்தாலும் வெளிச்சம் வீணாகும். ஓஎன்யுவுக்குப் பின்னால் வயரை விரல் பருமனுக்குச் சுருட்டி வைப்பது நம் வீடுகளிலேயே நடக்கும் தப்பு.

அடுத்தது வேகம். ஸ்பீட்டெஸ்ட்டில் 100 எம்பிபிஎஸ், யூடியூப் பறக்கிறது, ஆனால் ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் நொண்டுகிறது என்றால் ஆச்சரியமில்லை. யூடியூப் வீடியோக்கள் நெட்வொர்க்குக்குள்ளேயே உள்ள கேஷ் சர்வரிலிருந்து (நகல் வைத்திருக்கும் கம்ப்யூட்டர்) வரும். ஆபரேட்டரிடமிருந்து வெளியே போகும் அப்லிங்க் லைனைத்தான் ஊரே பங்குபோடுகிறது. இரவு 8 முதல் 10 மணிக்குள், சர்வரை சிங்கப்பூர் என்று மாற்றி வைத்து அளந்து பாருங்கள். அப்லோடையும் குறித்துக்கொள்ளுங்கள், வீடியோ மீட்டிங் கெடுவது பெரும்பாலும் அதனால்தான்.

சிசிடிவியை வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறக்கும் எண்ணம் இருந்தால் அதன் வான் ஐபியை (ஆபரேட்டர் கொடுத்த முகவரி) பாருங்கள். 10-இலோ, 100.64-க்கும் 100.127-க்கும் இடையிலோ தொடங்கினால் வெளியே தெரியும் முகவரியைப் பலரும் பங்குபோடுகிறார்கள் என்று அர்த்தம், போர்ட் திறக்காது. கிளவுட் ஆப் உள்ள கேமரா, இல்லாவிட்டால் தனிக் கட்டணத்தில் ஸ்டேட்டிக் ஐபி (உங்களுக்கென்றே மாறாத முகவரி).

'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்கு எஃப்யுபி (டேட்டா வரம்பு) தாண்டிய பிறகு என்ன வேகம் என்று கேளுங்கள். 2023 முதல் பிராட்பேண்டின் குறைந்தபட்ச வரையறை 2 எம்பிபிஎஸ். அதற்குக் குறைத்தால் அதைப் பிராட்பேண்ட் என்றே சொல்ல முடியாது. அந்த 2-இல் ஒரு எச்டி படம்கூட ஒழுங்காக ஓடாது என்பது வேறு விஷயம். விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டியையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாற்று வழி? 5ஜி டவர் வீட்டுக்கு நேராக இருந்தால், வயர் இல்லாமல் டவர் சிக்னலில் வரும் ஏர்ஃபைபர். மொட்டைமாடியில் டவரை நோக்கி மறைப்பில்லாத இடம் வேண்டும். டவரில் கூட்டம் ஏறும் மாலையில் வேகம் இறங்கும். ஆனாலும் அது ஊருக்குள் வந்தாலே ஆபரேட்டரின் ரீசார்ஜ் ரேட் இறங்க வாய்ப்புண்டு, கம்ப்ளைன்ட்டுக்கு ஆளும் சீக்கிரம் வருவார்.

ஆர்எக்ஸ் பவரும் இரவு வேகமும் சரியாக இருந்தால் தாராளமாக வாங்கலாம், மாதக் கட்டணத்தில் மட்டும். வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டால், லைன்மேனை வரவழைக்க உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடியும் போய்விடும். கரண்ட் போனாலும் ஓஎன்யு ஓட வேண்டும் என்று 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்குவதற்கு முன் ஆபரேட்டர் ஆபீஸில் ஓஎல்டிக்கு பேட்டரி இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். அங்கே கரண்ட் போனால் உங்கள் யுபிஎஸ் வெறும் விளக்கை எரியவிட்டுக்கொண்டிருக்கும்.