டர்பனில் ‘மரைன் ரேடியோ’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

டர்பனில் சின்னப் பாய்மரப் படகோ கயாக்கோ வைத்திருக்கும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நகரத்துக்குள் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை இருக்கிறது. பெயர் போடப்போவதில்லை, வக்கீல் நோட்டீஸ் வாங்கிக்கொண்டு அலைய எனக்கு நேரம் கிடையாது. அங்கே ‘மரைன் வி.எச்.எஃப்’, அதாவது கடலில் படகிலிருந்து பேசும் ரேடியோ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் கைசெட், மரைன் செட்டே இல்லை. தரையில் செக்யூரிட்டிக்காரர்கள் வைத்திருக்கிற வாக்கி டாக்கி வகையைச் சேர்ந்தது. அதில் கடல் அலைவரிசைகளை ஏற்றி, வேறு பெட்டியில் போட்டு 1,900 ராண்டுக்குக் கொடுக்கிறார்கள்.

படகு எனக்கும் ஒரு அங்கிளுக்கும் பொது. அவர் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்து ரிட்டயர் ஆனவர். இருபது அடிப் படகு, மின்சார வசதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை; அதனால் கையில் பிடிக்கிற செட்தான் சரி என்று முடிவு செய்தோம். போன் இருக்கும்போது எதற்கு ரேடியோ என்று வீட்டில் கேட்டார்கள். போனில் ஒருவரைத்தான் கூப்பிடலாம். மரைன் ரேடியோவில் 16ஆம் சேனல்தான் ஆபத்துக்கும் அழைப்புக்குமான பொதுச் சேனல். அதில் கூப்பிட்டால், அந்தச் சுற்றுவட்டத்தில் செட்டைத் திறந்து வைத்திருக்கிற அத்தனை கப்பலுக்கும் படகுக்கும் காதில் விழும். இந்தக் கரையோரமாக அகுல்லாஸ் நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது. அதற்கு எதிராகத் தென்மேற்குக் காற்று திடீரென்று திரும்பினால் அலை எப்படிச் செங்குத்தாக எழும்பும் என்பது இங்கே கடலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கிற படகுதான் முதலில் வந்து சேரும்.

கடைக்காரர் நம்ம ஆள்தான். “வாங்க தம்பி, ஊரு எந்தப் பக்கம்?” என்று ஆரம்பித்தார். தூத்துக்குடி என்றதும் அவருடைய தாத்தாவின் கப்பல் கதை வந்தது. எல்லாம் முடிந்து விஷயத்துக்கு வந்தபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஃபுல் வாட்டர் ப்ரூஃப் தம்பி. தண்ணியில விழுந்தா மிதக்கும். எட்டு வாட். இருபத்தஞ்சு கிலோமீட்டர் எடுக்கும். இந்த ஆரஞ்சு பட்டன் எமர்ஜென்சி, அமுக்கினா நேரா பதினாறுல நிக்கும். வெதர் அலர்ட்டும் வரும்.” பிறகு கடைப் பையனிடம் ஒரு செட்டைக் கொடுத்துத் தெருமுனைக்கு அனுப்பினார். பையன் பேசினான், கணீரென்று கேட்டது. இந்த நாடகத்துக்கு மயங்கி வாங்குகிறவர்கள்தான் அதிகம் என்று பின்னால் கேள்விப்பட்டேன். தெருமுனை தூரத்துக்குப் பொம்மைக் கடை வாக்கி டாக்கிகூடப் பேசும். பெட்டியைப் பில் போட்ட பிறகுதான் கையில் தருவார்கள், கையேடும் அதற்குள்தான்.

வீட்டுக்கு வந்ததும் அங்கிள் முதலில் அந்த ஆரஞ்சு பட்டனைத்தான் அமுக்கினார். லோட்டஸ் எஃப்.எம் பாட ஆரம்பித்தது. பழைய இந்திப் பாட்டு, நன்றாகவே கேட்டது. “என்ன தம்பி, இவங்க வந்து நம்மள தூக்குவாங்களா?” என்றார். நிஜமான மரைன் செட்டில் 16 என்றே அச்சடித்த பட்டன் தனியாக இருக்கும். எந்தச் சேனலில் இருந்தாலும் அதைத் தொட்டால் 156.800 மெகாஹெர்ட்ஸில் போய் நிற்கும், முழு சக்திக்கும் மாறிவிடும். கை நடுங்கும்போது மெனுவுக்குள் தேடக்கூடாது என்பதற்காக வைத்த பட்டன் அது.

அடுத்து, எண்பலகையில் நான் 145 மெகாஹெர்ட்ஸ் என்று தட்டிப் பார்த்தேன். வாங்கிக்கொண்டது. 440 என்று தட்டினேன், அதற்கும் மறுப்பில்லை. இதுதான் குட்டை உடைக்கிற சோதனை, கடையிலேயே செய்துவிடலாம். மரைன் செட்டில் சேனல் எண் மட்டும்தான் மாற்ற முடியும், அலைவரிசையை நாமாகத் தட்ட முடியாது. தட்ட முடிகிறது என்றால் அது அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கோ தரைப் பயன்பாட்டுக்கோ செய்த செட். அதற்கென்று உரிமம் உள்ளவர்கள் வைத்துக்கொள்ளட்டும், குற்றமில்லை. கடலுக்கு என்று விற்பதுதான் மோசடி.

சேனல்களை ஏற்றியிருந்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். 16, 6, 72 எல்லாம் ஒரே அலைவரிசையில் பேசிக் கேட்கிற சேனல்கள், அவை சரியாக இருந்தன. ஆனால் கரை நிலையங்களோடு பேசுவதற்கான பல சேனல்களுக்கு இரண்டு அலைவரிசை உண்டு. 26ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: நாம் 157.300இல் பேச வேண்டும், கரையை 161.900இல் கேட்க வேண்டும். நடுவே 4.6 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. இந்த செட்டில் இரண்டுக்கும் 157.300தான் போட்டிருந்தது. அதாவது கரையில் இருப்பவர் நமக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார், நமக்கு ஒரு சத்தமும் வராது. போதாக்குறைக்கு எல்லாச் சேனலையும் குறுகிய பட்டையில், 12.5 கிலோஹெர்ட்ஸில் அமைத்திருந்தார்கள். இந்தக் கடல் சேனல்களில் குரல் 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் போகிறது. படகு கிளப்பில் ஒருவர் நல்ல செட்டில் எங்களைக் கேட்டுவிட்டு, கிணற்றுக்குள் இருந்து பேசுவது மாதிரி இருக்கிறது என்றார்.

வெதர் அலர்ட் என்றாரே, அது அமெரிக்க அரசின் நோவா வானிலை ஒலிபரப்புக்கானது. 162.400 முதல் 162.550 வரை அந்த நாட்டுக் கரைகளில் கேட்கும். டர்பனில் அதை வைத்துக்கொண்டு வெறும் இரைச்சலைக் கேட்கலாம்.

எட்டு வாட் கதைக்கு வருவோம். கிளப் நண்பரிடம் வாட் மீட்டரும், அளக்கும்போது ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டுகிற டம்மி லோடும் இருந்தன. முழு சார்ஜில் நாலு வாட்டைத் தாண்டவில்லை. பேர்பெற்ற தயாரிப்பாளர்களின் மரைன் கைசெட்களே 5 அல்லது 6 வாட்தான். 8, 10 என்று ஸ்டிக்கர் பார்த்தால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். சொல்லப்போனால் தூரத்துக்கு வாட் பெரிய காரணமே இல்லை, ஆன்டெனாவின் உயரம்தான். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 2.2ஆல் பெருக்கினால் எத்தனை கடல் மைல் எட்டும் என்று தோராயமாகக் கிடைக்கும். இரண்டு முனைக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்ட வேண்டும். படகில் உட்கார்ந்து பேசினால் நம் ஆன்டெனா தண்ணீரிலிருந்து ஒரு மீட்டர். எதிர்ப் படகிலும் அதேபோல் ஒருவர் என்றால் 4.4 கடல் மைல், அதாவது சுமார் எட்டு கிலோமீட்டர். அலைப் பள்ளத்தில் இருந்தால் அதுவும் குறையும். கரையில் மேட்டின் மேல் ஆன்டெனா வைத்திருப்பவர்களோடு இன்னும் தூரத்திலிருந்து பேசலாம், அது அவர்களுடைய உயரத்தின் புண்ணியம். படகுக்குப் படகு இருபத்தைந்து கிலோமீட்டர் என்று சொல்கிற எவரும் கடலில் கைசெட் பிடித்தவராக இருக்க முடியாது.

வாளிச் சோதனைக்கு அதிக நேரம் ஆகவில்லை. போட்டதும் கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. பெட்டியில் ஐ.பி.எக்ஸ் 7 என்று போட்டிருந்தது. அந்தத் தரத்துக்கு ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். எங்கள் வாளி முழங்கால் உயரம்கூட இல்லை. எடுத்தபோது திரைக்குள் ஆவி படிந்திருந்தது. பேட்டரியைக் கழற்றினால் ரப்பர் வளையம் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. அது நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீராக இருந்தால் பேட்டரி முனைகள் பச்சை பிடித்திருக்கும்.

எனக்கு அதிகம் கோபம் வந்தது எம்.எம்.எஸ்.ஐ எண் விஷயத்தில். அது கப்பலுக்கோ படகுக்கோ உரிய ஒன்பது இலக்க அடையாள எண். டி.எஸ்.சி, அதாவது ஆபத்துச் செய்தியைத் தானாக அனுப்பும் வசதி உள்ள செட்டில் சிவப்பு மூடியைத் திறந்து பட்டனை அழுத்தினால் 70ஆம் சேனல் வழியாக இந்த எண் போகும், உள்ளே ஜி.பி.எஸ் இருந்தால் நாம் இருக்கும் இடமும் சேர்ந்து போகும். கடைக்காரர் தனியாக 350 ராண்ட் வாங்கிக்கொண்டு ஒரு அட்டையில் எண் எழுதிக் கொடுத்தார். தென்னாப்பிரிக்காவுக்கான முதல் மூன்று இலக்கம் 601. அவர் கொடுத்தது 235 என்று ஆரம்பித்தது, அது பிரிட்டனுடையது. இதில் வேடிக்கை, அந்த செட்டில் டி.எஸ்.சியே கிடையாது, எண்ணை ஏற்றுவதற்கு இடமே இல்லை. வேறு யாரோ நிஜமான செட் வைத்திருப்பவர் இப்படி ஒரு எண்ணை ஏற்றிக்கொண்டு போய் ஆபத்தில் பட்டனை அழுத்தினால், தேடுகிறவர்கள் யாருடைய படகைத் தேடுவார்கள்? இங்கே கடலில் மீட்புக்குப் போகிற அமைப்பான என்.எஸ்.ஆர்.ஐ 1967இல் தொடங்கியது, அதற்கு முந்தைய வருடம் ஸ்டில் பே கடலில் பதினேழு மீனவர்கள் இறந்ததற்குப் பிறகு. இன்றைக்கும் அதில் படகெடுத்துப் போகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்களை அலைக்கழிக்கிற வேலைக்கு 350 ராண்ட் கட்டணம்.

திருப்பிக் கொடுக்கப் போனோம். சுவரில் பணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்று பலகை. “பாக்ஸ் ஓப்பன் பண்ணிட்டீங்களே தம்பி, தண்ணியில வேற போட்டுட்டீங்க” என்றார். தண்ணீரில் போடலாம் என்று சொல்லித்தானே விற்றீர்கள் என்று அங்கிள் இங்கிலீஷில் ஏறிக்கொண்டார். கடைக்காரர் அப்போதுதான் தமிழை நிறுத்தினார்.

அந்தப் பலகைக்கெல்லாம் பயப்படாதீர்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 56ஆம் பிரிவு இருக்கிறது. சொன்ன தரத்தில் பொருள் இல்லை என்றால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சரிசெய்து கொடுப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்பதை முடிவு செய்வது வாங்கியவர், விற்றவர் அல்ல. ஆன்லைனில் வாங்கியிருந்தால் பொதுவாகக் காரணம் சொல்லாமலே ஏழு நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தில் உண்டு. நாங்கள் மீட்டர் அளவு, வாளி வீடியோ, 26ஆம் சேனலின் படம் மூன்றையும் வைத்து எழுத்தில் கொடுத்தோம். பதிலே வரவில்லை. நுகர்வோர் பொருள், சேவை ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தில் புகார் பதிந்து, அந்த எண்ணைக் கடைக்கு அனுப்பிய பிறகு 1,900 ராண்ட் வங்கிக்கு வந்துவிட்டது. 350க்கு மட்டும் ரசீது இல்லை என்கிறார்கள். அட்டை அவர் கையெழுத்தில் என்னிடம் இருக்கிறது, அதற்கும் புகார் போட்டிருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள் பெட்டியைத் திறக்காமல் பணம் கொடுக்காதீர்கள். பேட்டரிக்குப் பின்னால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான இகாசாவின் முத்திரையும் வகை ஒப்புதல் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பேட்டரி வாயில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். 16 பட்டன், சேனலைத் தவிர வேறெதுவும் தட்ட முடியாமை, மெனுவில் சர்வதேசச் சேனல் அமைப்பு, இவையும் வேண்டும். அமெரிக்க அமைப்பில் இருந்தால் சில சேனல்கள் மாறிப்போகும். ஐகாம், ஸ்டாண்டர்ட் ஹொரைசன் மாதிரிப் பெயர்களுக்குக்கூட அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் போங்கள், போலிகள் உலவுகின்றன. ஸ்கீ போட் என்கிற சின்ன மோட்டார் படகில் மீன்பிடிப்பவர்களிடம் 29 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவில் பேசும் பழக்கமும் உண்டு, உங்கள் படகுத்துறையில் யார் எதைக் கேட்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். செட்டைச் சோதிக்க 16இல் கதை பேசாதீர்கள். வேறு சேனலில் நண்பரோடு பேசிப் பாருங்கள், அதுவும் உரிமமும் ஆபரேட்டர் சான்றிதழும் இருந்தால்தான். நாங்கள் கடைசியில் மிதக்கிற, டி.எஸ்.சி உள்ள செட்டை வேறு இடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து வாங்கினோம். அதையும் வாளியில் போட்டுத்தான் பார்த்தோம்.

அந்தக் கடையின் கண்ணாடி அலமாரியில் அதே செட் இன்னும் இருக்கிறது. ஏற்கெனவே வாங்கியவர்கள் இருந்தால் ஆரஞ்சு பட்டனை அமுக்கிப் பாருங்கள். பாட்டு வந்தால் பில்லைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள். எங்கள் புகார்க் கடிதத்தை அனுப்புகிறேன், தேதியையும் தொகையையும் மாற்றிக்கொண்டால் போதும். ஆறு மாதம் முடியப்போகிறவர்கள் முதலில்.