‘ஃப்ரூட் பீல்’ என்றால் முதலில் பாட்டிலைக் கேளுங்கள்

கல்யாண சீசன் வந்தாலே பார்லர்களில் ‘ஃப்ரூட் பீல்’ சலுகை விலையில் ஓடும்; முகத்தில் அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரிப்பதுதான் அது. செய்துகொள்ள நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்கள் ஊரில் நல்ல பெயர் எடுத்த ஒரு பார்லரில் எனக்கு நடந்தது இது.

“பழத்துல இருந்து எடுத்ததுதான் அக்கா, கெமிக்கலே கிடையாது” என்றுதான் அந்தப் பெண் ஆரம்பித்தார். முதலில் புருவத்துக்கும் மேலுதட்டுக்கும் த்ரெட்டிங். கையோடு அதன்மேலேயே பிரஷ்ஷால் பீல். பருவுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த ட்ரெட்டினாயின் க்ரீமை இரவில் போட்டுக்கொண்டிருந்தேன்; முகத்தில் என்ன போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எரிகிறது என்றேன். “எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்று சொல்லி, ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார். நெடுநேரம் கழித்து வந்து ஈரப் பஞ்சால் மேலாகத் துடைத்தார். அவ்வளவுதான்.

இரவுக்குள் முகம் சிவந்து, மறுநாள் பொருக்குத் தட்டியது. பொருக்கு உதிர்ந்த இடமெல்லாம் கருத்தது. மோசமானது த்ரெட்டிங் செய்த மேலுதடுதான்: மீசை வரைந்தது போல ஒரு பட்டை.

சண்டை போட்ட பிறகே பாட்டிலைக் காட்டினார்கள். கிளைக்காலிக் அமிலம், 70 சதவீதம். பிஹெச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய வீரியம் அதிகம்) இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை, உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் இல்லை. பழப் படம் மட்டும் பெரிதாக இருந்தது. கரும்பில் இந்த அமிலம் உண்டு என்பது நிஜம்தான். ஆனால் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி தொழிற்சாலையில் தயாராவது. எங்கிருந்து வந்தாலும் தோலில் அது செய்யும் வேலை ஒன்றுதான்.

அந்த வேலை இது. தோலின் மேலடுக்கில் இருக்கும் இறந்த செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பிணைப்பை அமிலம் தளர்த்துகிறது. செல்கள் உதிர்ந்து முகம் பளிச்சென்று தெரிகிறது. இந்த வகை அமிலங்களில் மிகச் சிறிய மூலக்கூறு கிளைக்காலிக்தான், அதனால் வேகமாக உள்ளே இறங்கும். லாக்டிக் அமிலம் அதைவிடச் சற்றுப் பெரிது, மாண்டலிக் அமிலம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ட்ரெட்டினாயினால் ஏற்கெனவே மெலிந்த மேலடுக்கையும் நூலால் உரசப்பட்ட இடத்தையும் அது சும்மா விடாது. நம் மாதிரி மாநிறமும் கருநிறமும் உள்ள தோலில் அழற்சி வந்தால் நிறமி கூடுதலாகச் சுரந்து கருமை தங்கிவிடும். வெயில் பட்டால் இன்னும் கெட்டிப்படும்.

சதவீதத்தை மட்டும் பார்த்தாலும் போதாது, பிஹெச்சையும் பார்க்க வேண்டும். பிஹெச் 3.8 அளவில் கிளைக்காலிக்கில் பாதிதான் அமிலமாக வேலை செய்யும். 5க்கு ஏறினால் பதினாறில் ஒரு பங்கு மட்டும். 2க்கு இறங்கினால் ஏறக்குறைய முழுதும். அமெரிக்காவில் அழகுசாதனப் பொருள்களை ஆராயும் நிபுணர் குழு 1998இல் சொன்ன வரம்பு, வீட்டு உபயோகத்துக்கு 10 சதவீதம், பிஹெச் 3.5க்குக் குறையாமல், பயிற்சி பெற்றவர் சலூனில் செய்தால் 30 சதவீதம், பிஹெச் 3க்குக் குறையாமல், சிறிது நேரம் மட்டும் வைத்து நன்றாகக் கழுவ வேண்டும். 70 எல்லாம் தோல் மருத்துவர் கையில் இருக்க வேண்டிய சமாச்சாரம். அவர்களே குறைந்த அளவில் தொடங்கி, நிமிடக் கணக்குப் பார்த்து, சோடா உப்புக் கரைசலாலோ நிறையத் தண்ணீராலோ அமிலத்தை நிறுத்துவார்கள்.

ஆன்லைனில் இதே பாட்டிலை வாங்கி வீட்டில் பூசலாம் என்று நினைப்பவர்களுக்கு: வீரியமான பீல்களை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் வாங்கவோ போடவோ வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் எச்சரித்திருக்கிறது.

எனக்குத் தோல் மருத்துவர் சொன்னது, எல்லா க்ரீமையும் நிறுத்து, மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும் போடு, மாதக்கணக்கில் பொறுத்திரு. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு பார்லரில் வந்த பதில், “கருமை போக இன்னொரு சிட்டிங் ஃப்ரீயா பண்ணித் தர்றோம்.” வேறெங்காவது புகார் கொடுக்கலாம் என்று பில்லை எடுத்துப் பார்த்தால் அதில் ‘ஃபேஷியல்’ என்று மட்டும் இருக்கிறது. போகிறவர்கள் எந்த அமிலம், எத்தனை சதவீதம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் த்ரெட்டிங்கோடு எழுந்து வந்துவிடுங்கள்.