டயர், ரயில் பெட்டி, சிப்பி ஓடு: செயற்கைப் பாருக்கு எது தாங்கும்?

கடலடியில் மீன் கூடும் பாறைத் திட்டை நம் மீனவர்கள் ‘பார்’ என்பார்கள். கலவாவும் விளைமீனும் வெறும் மணலில் தங்காது. ஒண்டிக்கொள்ளப் பொந்தும் இடுக்கும் வேண்டும். அவற்றுக்காகப் பழைய சாமான்களை இறக்கிப் பார் கட்டிப் பார்த்த ஊர்கள் பல. எதை இறக்கினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பலன் கிடைத்திருக்கிறது.

முதலில் டயர். 1972-இல் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் கரைக்கு அப்பால் டயர் கொட்ட ஆரம்பித்தார்கள். மொத்தம் 20 லட்சம் போல. ஆஸ்போர்ன் ரீஃப் என்று பெயர். தொடக்க விழாவில் தங்க வண்ணம் பூசிய டயர் ஒன்றை ஆகாயக் கப்பலிலிருந்து போட்டுக் கொண்டாடினார்கள். டயர்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது எஃகுக் கொக்கியும் நைலானும். உப்புத்தண்ணீரில் எஃகு எத்தனை நாள் தாங்கும்? கட்டு விட்டுப் போயிற்று. தண்ணீருக்குள் டயர் கனம் இல்லாத பொருள். நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் உருண்டது. உருளுகிற பொருளில் பவளம் பிடித்து வளர முடியாது. அதைவிடக் கொடுமை, பக்கத்தில் உயிரோடிருந்த இயற்கைப் பாறையிலும் போய் இடித்தது. 2007-இல் ராணுவ முக்குளிப்போரை இறக்கி எடுக்கத் தொடங்கினார்கள். பத்தாண்டு கடந்தும் அந்த வேலை தீரவில்லை. இனி யாரும் டயரைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்பேன்.

ரயில் பெட்டிக்கு வருவோம். நியூயார்க் சுரங்க ரயிலின் ‘ரெட்பேர்ட்’ பெட்டிகளை 2001 முதல் டெலவேர் மாநிலக் கடலில், சுமார் 80 அடி ஆழத்தில் இறக்கினார்கள். அந்த ஓரிடத்தில் மட்டும் 700-க்கும் மேல். சக்கரம், கண்ணாடி, இருக்கை எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் போட்டார்கள். கதவும் ஜன்னலும் இல்லாத கூடு. தண்ணீர் தாராளமாக ஓடும், துரத்தப்படும் மீன் உள்ளே நுழைந்து தப்பும். சுவரெங்கும் நீலச் சிப்பி அப்பிக்கொண்டது. அதைத் தின்ன மீன் வந்தது. ஆனால் பின்னால் வந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டிகளை நியூஜெர்சி கடலில் போட்டபோது சில மாதங்களிலேயே நொறுங்கிவிட்டன. துருப்பிடிக்காத உலோகம்தான், ஆனாலும் பெட்டியின் கட்டுமானம் கடல் அடித்த அடியைத் தாங்கவில்லை.

இலங்கை பழைய பேருந்துகளை இறக்கிய செய்தியைப் படித்தபோதும் இதுதான் நினைவுக்கு வந்தது. 2021-இல் நெடுந்தீவுப் பக்கம் போட்டபோது, வலை கிழியும் என்று ராமேஸ்வரம் மீனவர்கள் எதிர்த்தார்கள். தமிழகப் படகுகளின் இழுவைமடி வலை கடலடியை வழித்துக்கொண்டு போகிறது என்ற வேதனை இலங்கையின் வடபுலத்துத் தமிழ் மீனவர்களுக்கு நெடுநாளாக உண்டு. இரு தரப்பின் வயிற்றுப்பாட்டையும் நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் பொருள் என்று பார்த்தால், பேருந்துக் கூடு மெல்லிய தகடு. அது எத்தனை வருடம் பாராக நிற்கும் என்ற கவலை எனக்கு உண்டு.

நியூயார்க்கிலேயே வேறொரு வழியும் நடக்கிறது. 2014-இல் தொடங்கிய ‘பில்லியன் ஆயிஸ்டர் புராஜெக்ட்’ உணவகங்களில் சாப்பிட்டு ஒதுக்கிய சிப்பி ஓடுகளைச் சேகரிக்கிறது. ஒரு வருடம் போல வெயிலிலும் மழையிலும் கிடத்திச் சுத்தமாக்கி, தொட்டியில் குஞ்சுச் சிப்பிகளை அதில் ஒட்டவைத்து, துறைமுகத்தில் இறக்குகிறார்கள். மணல் பருக்கை அளவுக் குஞ்சு, பழைய ஓட்டில் ஒருமுறை ஒட்டிவிட்டால் அப்புறம் நகராது. அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று. பார் தானாகவே வளர்கிறது! 2035-க்குள் 100 கோடி சிப்பி என்பது இலக்கு. குறை என்றால், கலவா போன்ற பெரிய மீன் ஒண்ட இதில் பொந்து கிடையாது. சிப்பி பிழைக்கும் தண்ணீரில்தான் இது பலிக்கும்.

தூத்துக்குடிப் பக்கம் வான் தீவில் தேவை வேறு. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்க ஆளில்லாமல் கரைந்து, முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாத தீவு அது. 2015 முதல் துளைகள் விட்ட கான்கிரீட் கட்டமைப்புகளை அங்கே வரிசையாக இறக்கினார்கள். அது பழைய சாமான் இல்லை, புதிதாக வார்த்தது, செலவும் கூடுதல். ஆனால் போட்ட இடத்தில் உட்காருகிறது, அலையின் வேகத்தை உடைக்கிறது, துளைக்குள் மீன் தங்குகிறது. மறுசுழற்சிதான் வேண்டும் என்றால், இடித்த கட்டடத்தின் கான்கிரீட்டை உடைத்து ஜல்லிக்குப் பதில் அந்த வார்ப்பில் சேர்த்துப் பார்க்கலாம்.

மன்னார் வளைகுடாவுக்கு என் தேர்வு கான்கிரீட். பழவேற்காடு போல நம்மூர்ச் சிப்பி ஏற்கெனவே வாழும் ஏரியில் சிப்பி ஓடுகளைக் கொட்டிப் பார்க்கலாம். எதுவானாலும், வலை இழுக்கும் தடம் எங்கே போகிறது என்று கரையிலிருக்கும் மீனவர்களிடம் கேட்டுவிட்டு இறக்க வேண்டும்.